அமிலமும் அதன் எல்லையும்

உயிர் என்பது நடுநிலையிலேயே நிலைபெறுவது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. மனிதக் குருதியின் அமிலநிலை மிகச் சிறியதொரு வீச்சினுள்ளே நின்றாக வேண்டும். அவ்வீச்சினின்றும் சற்று விலகினும் மூச்சுத் தடுமாறும், அறிவு மயங்கும். ஆயின், இந்நடுநிலை ஒவ்வொரு கலத்தின் உள்ளேயும் சீராகப் பரந்து கிடப்பதொன்றன்று. தேசிக்காய்ச் சாறு நாவிற் படும்போது புளிப்பை உணர்த்தும் ஐதரசன் அயன்கள் எவையோ, அவையே கலத்தின் சில அறைகளுள் வேண்டுமென்றே திரட்டி வைக்கப்படுகின்றன. அவ்வறைகள் தம் புளிப்பை இழப்பின் கலம் நோயுறுகின்றது. அப்புளிப்புத் தன் அறையை விட்டு வெளியேறினும் கேடு விளைகின்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் உயிரைக் காப்பதாகவும் பிறிதோரிடத்தில் உயிரைக் குலைப்பதாகவும் அமைவது எவ்வாறு என்பது உயிரியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும்.

இவ்வினா விஞ்ஞான பீடத்தார்க்கே உரியதெனக் கலைத்துறையினர் ஒதுங்கிக்கொள்வதுண்டு. எல்லை எதனாற் பேணப்படுகின்றது, அதனைப் பேணுதற்கு என்ன விலை கொடுக்கப்படுகின்றது, எல்லை தளரும்போது முதலிற் பாதிக்கப்படுபவர் யார் என்னும் வினாக்கள் வரலாற்று மாணவனுக்கோ மெய்யியல் மாணவனுக்கோ அந்நியமானவையல்ல. கலத்தின் கதையிலும் அவையே வேறு உருவில் எழுகின்றன.

அமிலத்தின் அளவை எண்ணாற் குறிக்கும் முறை டென்மார்க்கில் தோன்றியது. கொப்பன்கேகன் நகரில் ஒரு மதுவடிப்பு நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய சோரென்சென் என்பார் 1909இல் பீ.எச். அளவுமுறையை வகுத்தார். இம்முறையில் 7 நடுநிலையைக் குறிக்கும். எண் குறையக் குறைய அமிலம் மிகும்; ஓர் எண் குறையின் அமிலம் பத்து மடங்காகும். கலத்தின் பொதுவெளியாகிய குழியவுருவின் பெறுமானம் ஏறத்தாழ 7.2. புரதங்கள் ஆக்கப்படும் அகமுதலுருச் சிறுவலையிலும் அது ஏறத்தாழ அவ்வாறே உள்ளது. புரதங்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கொல்கியுடலில் அது 6.5 அளவிற்கு இறங்குகின்றது. வெளியிலிருந்து விழுங்கப்பட்ட பொருள்களை ஏந்திச் செல்லும் சிறுபைகளில் 6 வரையும் அதற்குக் கீழும் படிப்படியாகச் சென்று, செரிமான அறையாகிய இலைசோசோமில் 4.5க்கும் 5க்கும் இடையில் நிற்கின்றது. சத்தியை ஆக்கும் இழைமணியின் உள்வெளியோ இதற்கு மாறாக 8ஐ அண்டி நிற்கின்றது. ஒரே கலத்தின் அடுத்தடுத்த அறைகளுக்கிடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு நிலவுகின்றது என்பது இதனால் விளங்கும்.

இவ்வெண்கள் பேரளவினவாகத் தோன்றினும் அவை சுட்டும் பொருளின் அளவு வியக்கத்தக்க வகையிற் சிறியது. அரை மைக்கிரோமீற்றர் விட்டமுடைய ஓர் இலைசோசோமில் 4.7 என்னும் பெறுமானம் நிலவுமாயின், எத்தருணத்திலும் அதனுள்ளே கட்டின்றித் திரியும் ஐதரசன் அயன்கள் ஏறத்தாழ எண்ணூறே என்பது எளிய கணக்காற் பெறப்படும். அதே கனவளவுடைய குழியவுருவில் அவ்வயன்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். உண்மையில் இவற்றைவிட மிகப் பல அயன்கள் புரதங்களோடு பிணைந்து மறைந்திருப்பினும், நாவிற்குப் புலப்படாத இந்தச் சில நூறு துணிக்கைகளிலேயே ஒரு கலத்தின் நலம் தங்கியுள்ளது.

கலத்தினுள்ளே அமிலம் உண்டென்பதை முதலில் உணர்ந்தோருள் உருசிய அறிஞர் மெச்னிகொவ் குறிப்பிடத்தக்கவர். தின்கலங்கள் அந்நியப் பொருள்களை விழுங்குவதை 1880களில் நுணுக்குக்காட்டியிற் கண்டு விளக்கிய அவர், விழுங்கப்பட்ட நீலப் பாசிச்சாயத் துணிக்கைகள் செந்நிறமாக மாறுவதையும் அவதானித்தார். விழுங்கும் கலம் விழுங்கியதைப் புளிப்பிலிட்டே செரிக்கின்றது என்பது அச்செந்நிறத்தால் உணர்த்தப்பட்டது. ஆயினும் அப்புளிப்பு எந்த அறையில் உள்ளது என்பது தெளிவாக அரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்தது.

அத்தெளிவைத் தந்தவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்ரியன் டி டூவ் ஆவார். அவர் தேடியது இதனை அன்று. லூவெயின் பல்கலைக்கழகத்தில் இன்சுலினின் செயலை ஆராய்ந்துகொண்டிருந்த அவரும் அவர்தம் மாணவரும் 1949இல் எலியின் ஈரலை மென்மையாக அரைத்து அதிலுள்ள நொதியங்களை அளந்தனர். ஒப்புநோக்கும் பொருட்டு அளக்கப்பட்ட அமிலப் பொசுபற்றேசு என்னும் நொதியத்தின் தொழிற்பாடு எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகவே இருந்தது. கருவியிற் பிழையோ கைப்பிழையோ என ஐயுற்று அக்குழம்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுச் சென்றனர். ஐந்து நாள்களின் பின் மீண்டும் அளந்தபோது மறைந்திருந்த தொழிற்பாடு முழுமையும் வெளிப்பட்டு நின்றது. முதல் அளவீட்டைப் பிழையென எறிந்துவிடுதல் எவர்க்கும் எளிதாயிருந்திருக்கும். டி டூவ் அவ்வாறு செய்யவில்லை. நொதியம் ஏதோவொரு மென்சவ்வுப் பையினுள் அடைபட்டிருந்தது. நாள்கள் கழியப் பை சிதைந்து நொதியம் வெளிவந்தது என அவர் ஊகித்தார். அவ்வூகத்தின் வழியே 1955இல் அப்பைக்கு இலைசோசோம், அதாவது கரைக்கும் உடல், எனப் பெயரிடப்பட்டது. 1974இல் அவருக்கு அல்பேட் குளோட், ஜோர்ஜ் பலாடே ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்தது.

இலைசோசோமுக்குத் ‘தற்கொலைப் பை’ என்றொரு பெயரும் டி டூவினாலேயே வழங்கப்பட்டது. பை உடையின் உள்ளிருக்கும் நொதியங்கள் கலத்தையே தின்றுவிடும் என்ற அச்சம் அப்பெயரில் அடங்கியுள்ளது. மனத்திற் பதியும் பெயராயினும் அது உண்மையின் ஒரு பாதியையே உரைக்கின்றது. அப்பையினுள்ளிருக்கும் நொதியங்களுட் பெரும்பாலானவை அமிலத்திலேயே செவ்வனே தொழிற்படுவன. நடுநிலையான குழியவுருவிற் சிறிதளவு கசியின் அவை தம் வலுவை இழக்கின்றன. எனவே கலம் சுவரை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுவருக்கு அப்பாற் செல்லும் ஆயுதம் தானாகவே மழுங்குமாறும் அது ஏற்பாடு செய்துள்ளது. அமிலம் என்பது அழிவுக்கான கருவி மாத்திரமன்று; அழிவு எங்கு நிகழலாம், எங்கு நிகழலாகாது என்பதை வரையறுக்கும் ஆணையும் ஆகும்.

இவ்வமிலம் இயல்பாக அமைவதன்று. ஐதரசன் அயன்கள், அதாவது புரோத்தன்கள், செறிவு மிக்க இடத்தினின்றும் செறிவு குறைந்த இடத்திற்குச் செல்லவே முனையும். அவற்றை எதிர்த்திசையில் ஏற்றுதல், ஆழ்ந்த கிணற்றினின்றும் துலாவால் நீர் இறைப்பதை ஒத்தது. ஓய்வின்றி உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைச் செய்வது மென்சவ்விற் பதிந்துள்ள புரோத்தன் பம்பி என்னும் புரதத்தொகுதி. அதன் ஒரு பகுதி ஏ.ரீ.பி. மூலக்கூறுகளை உடைத்துச் சத்தியைப் பெறுகின்றது; அச்சத்தியால் நடுத்தண்டு சுழல்கின்றது; தண்டோடு சுழலும் வளையம் புரோத்தன்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகின்றது. பம்பி மட்டும் போதாது. நேரேற்றமுடைய புரோத்தன்கள் உள்ளே திரளத் திரள அவ்வேற்றமே பின்வரும் புரோத்தன்களைத் தடுத்து நிறுத்திவிடும். இத்தடையைத் தீர்க்கக் குளோரைட்டு போன்ற எதிரேற்ற அயன்கள் உள்ளே வரவோ நேரேற்றமுடைய வேறு அயன்கள் வெளியேறவோ வேண்டும். மறுபுறம் சில புரோத்தன்கள் கசிந்து வெளியேறிய வண்ணமுமிருக்கும். ஏற்றுதல், ஈடுசெய்தல், கசிதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சமன்செய்யும் இடத்திலேயே ஒவ்வோர் அறையின் அமிலநிலையும் நிலைகொள்கின்றது. அது அசையாப் பொருளின் அமைதியன்று. இடையறா முயற்சியின் அமைதி.

இம்முயற்சி தவறும்போது நேர்வது என்ன? தற்கொலைப் பை என்ற பெயரைக் கேட்டோர் பை வெடித்துக் கலம் மடிதலையே எதிர்பார்ப்பர். ஆயின் மருத்துவ வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. அழித்தல் மிகுந்ததாலன்றி, அழிக்க வேண்டியதை அழிக்க இயலாமையாலேயே பெரும்பாலான இலைசோசோம் நோய்கள் விளைகின்றன.

1932இல் ஒல்லாந்து நாட்டு மருத்துவர் யொவானெஸ் பொம்பே, ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலை ஆராய்ந்தார். அக்குழந்தையின் இதயம் அளவிறந்து பருத்திருந்தது. தசைக் கலங்களிலெல்லாம் கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் தேங்கிக் கிடந்தது. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. பொம்பே அதனை அறியும் வரை வாழவுமில்லை. செருமானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து இயங்கிய அவர் 1945 ஏப்பிரலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963இல் லூவெயினைச் சேர்ந்த ஹேர்ஸ், இந்நோயாளரின் இலைசோசோம்களில் அமிலநிலையிலே கிளைக்கோசனைச் சிதைக்கும் ஒரு நொதியம் இல்லை எனக் கண்டார். அறையும் அமிலமும் இருந்தன. வேலையாள் ஒருவன் மட்டும் இல்லை. இவ்வாறு ஒரு நொதியமோ அதற்குத் துணையான புரதமோ இன்மையால் இலைசோசோமிற் பொருள் தேங்கும் பிறவி நோய்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன.

வேலையாள் இருந்தும் அமிலம் இல்லையெனின் என்னாகும் என்பதைப் பளிங்கெலும்பு நோய் காட்டுகின்றது. ஹம்பேர்க் நகரின் அல்பேர்ஸ் ஷோன்பேர்க் 1904இல் இதனை எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு விவரித்தார். எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடிக்கப்படும் தூணன்று. ஒருவகைக் கலங்கள் அதனைக் கட்ட, மற்றொரு வகைக் கலங்கள் அதனைக் கரைத்தவண்ணம் உள்ளன. எலும்பைக் கரைக்கும் கலம் எலும்பின்மீது ஒட்டிக்கொண்டு, தனக்கும் எலும்புக்கும் இடையே அடைபட்ட ஒரு சிறுகுழியை உண்டாக்கி, அதனுள்ளே புரோத்தன்களை இறைக்கின்றது. அவ்வமிலமே எலும்பின் கனியுப்பைக் கரைக்கின்றது. புரோத்தன் பம்பியின் ஒரு கூற்றிலுள்ள குறைபாடு இந்நோய்க்குக் காரணமாவது 2000ஆம் ஆண்டிலும், எதிரேற்றத்தை ஈடுசெய்யும் குளோரைட்டுப் பரிமாற்றியின் குறைபாடு காரணமாவது 2001இலும் அறியப்பட்டன. அக்குறைபாட்டோடு பிறக்கும் குழந்தையின் எலும்புகள் அடர்ந்து வளர்ந்தும் எளிதில் உடைகின்றன. எலும்பு மச்சைக்கு இடமின்றிக் குருதி குன்றுகின்றது. மண்டையோட்டின் துளைகள் ஒடுங்கிப் பார்வை நரம்பு நெருக்கப்படக் கண்ணொளியும் கெடுகின்றது. கரைக்கும் ஆற்றல் இல்லாத இடத்தில் கட்டும் ஆற்றலே கேடாய் முடிகின்றது என்பது இந்நோய் தரும் பாடம்.

எலும்பைக் கரைக்கும் கலங்கள் குருதியாக்கும் கலங்களின் வழித்தோன்றல்களாதலின், மச்சை மாற்றத்தால் இந்நோயாளர் சிலரைக் காப்பாற்ற முடிகின்றது. ஆயின் மேற்கூறிய பரிமாற்றியை முற்றாக இழந்த குழந்தைகளில் மூளையும் சிதைவதுண்டு. புதிய மச்சை அச்சிதைவைத் தடுப்பதில்லை. அப்பரிமாற்றி இல்லாத எலிகளின் நரம்புக் கலங்களில் இலைசோசோமின் அமிலநிலை ஏறத்தாழ மாறாதிருந்தும் கழிவு தேங்கியமை 2005இல் அறியப்பட்டது. குளோரைட்டு அமிலத்தின் ஏவலாள் மாத்திரமன்று, தனக்கெனவும் ஒரு பணியுடையது என்பதை அது உணர்த்திற்று.

கலத்தின் புளிப்பைக் கலம் மட்டுமே அறிந்திருக்கவில்லை. அதன் பகைவரும் அறிவர். காசநோய்ப் பற்றீரியா தின்கலத்தினால் விழுங்கப்பட்ட பின்னரும் உயிரோடிருப்பது ஏன் என்பது நெடுங்காலப் புதிராயிருந்தது. பற்றீரியா தங்கிய பையோடு இலைசோசோம்கள் இணையாமற் போவதை ஆம்ஸ்ரோங், டாசி ஹாட் ஆகியோர் 1971இற் காட்டினர். அப்பையின் மென்சவ்வில் புரோத்தன் பம்பிகள் மிக அரிதாகவே உள்ளன என்பது 1994இல் வெளியாயிற்று. சிறையிலடைபட்ட கைதி சிறையின் உலையை மூட்டவிடாது தடுத்துவிடுகின்றான். இன்புளுவென்சா வைரசின் தந்திரம் இதற்கு நேர்மாறானது. விழுங்கப்பட்ட பையில் அமிலம் மிகும்வரை அது காத்திருக்கின்றது. அமிலம் பட்டதும் அதன் மேற்புறப் புரதம் வடிவு மாறிப் பையின் சவ்வோடு வைரசின் சவ்வை இணைத்துக் கலத்தினுள் வழிதிறக்கின்றது. ஒருவன் அஞ்சித் தடுப்பதையே மற்றவன் திறவுகோலாகக் கொள்கின்றான்.

இலங்கையர்க்கு இக்கதையில் நேரடித் தொடர்புடைய பகுதி மலேரியாவாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இத்தீவிற் பரவிய மலேரியா ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொண்டுசென்றதாகக் கணக்கிடப்படுகின்றது. அதே 1934இல் செருமனியில் அன்டர்சாக் என்பவர் குளோரோகுயினைத் தொகுத்தார் என்பது வரலாற்றின் ஒரு விந்தை. செங்குருதிக் கலத்தினுட் குடிபுகும் மலேரியா ஒட்டுண்ணி ஈமோகுளோபினைத் தனது அமிலப் புன்வெற்றிடத்திலே செரிக்கின்றது. அதனால் வெளிப்படும் ஈம் என்னும் பொருள் நஞ்சாதலின், அதனைப் பளிங்காக்கித் தீங்கற்றதாக்கிக்கொள்கின்றது. குளோரோகுயின் ஒரு மென்காரம். ஏற்றமற்ற நிலையில் அது சவ்வுகளை எளிதிற் கடக்கும். அமில அறையுட் புகுந்ததும் புரோத்தனை ஏற்று, மீள வழியின்றி அங்கேயே செறியும். செறிந்து நின்று ஈம் பளிங்காவதைத் தடுக்கின்றது. ஒட்டுண்ணி தன் புளிப்பினாலேயே தன் நஞ்சை ஈர்த்துக்கொள்கின்றது எனலாம். பின்னர் அவ்வறையின் சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதம் திரிபடைந்து மருந்தை வெளியேற்றக் கற்றுக்கொண்டதால் உலகின் பல பாகங்களில் இம்மருந்து வலுவிழந்தது. அத்திரிபு 2000ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. இலங்கையோ நுளம்புக் கட்டுப்பாடு, நோய்க் கண்காணிப்பு, சிகிச்சை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 2016 செத்தெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

இதே மருந்துக் குடும்பம் 2020இல் மற்றொரு பாடத்தையும் புகட்டிற்று. மென்காரங்கள் இலைசோசோமின் அமிலத்தைக் குறைக்கும் என்பதை ஒகுமா, பூல் ஆகியோர் 1978இல் எலியின் தின்கலங்களில் அளந்து காட்டியிருந்தனர். புதிய கொரோனா வைரசு அமிலப் பையின் வழியே நுழையுமாயின் இம்மருந்து அதனைத் தடுக்கும் என்ற எண்ணம் நியாயமானதே. ஆய்வுகூடத்திற் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் அது தடுக்கவுஞ் செய்தது. ஆயின் பிரித்தானியாவில் நோயாளரிடையே நடத்தப்பட்ட பெரும் பரிசோதனை, ஐதரொட்சிக்குளோரோகுயினாற் பயனில்லை என அவ்வாண்டு யூனிலேயே காட்டிற்று. மனித நுரையீரற் கலங்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதியத்தின் துணையால், அமிலப் பையை நாடாமலே வைரசு நுழையவல்லது என்பதே காரணங்களுள் முதன்மையானது. ஒரு கலத்திற்கு மெய்யாவது எல்லாக் கலத்திற்கும் மெய்யாகாது. நம்பிக்கை எவ்வளவு பெரிதாயினும் சோதனைக்கு ஈடாகாது.

முதுமையின் நோய்களும் இன்று இவ்வறையின் வாயிலிலே வந்து நிற்கின்றன. யப்பானிய அறிஞர் ஓசுமி மதுவத்தின் புன்வெற்றிடத்திற்குட் பொருள்கள் ஏறுவதை ஆராய்ந்தவர். பட்டினியுற்ற மதுவம் தன் உறுப்புகளையே அப்புன்வெற்றிடத்திலிட்டுச் செரிப்பதை 1988இல் நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவ்வாய்வு 2016இல் நோபல் பரிசு பெற்றது. பிரிந்து பெருகாத நரம்புக் கலத்திற்கு இத்தற்செரிப்பு இன்றியமையாதது. கழிவைப் புதிய கலங்களுக்குப் பகிர்ந்தளிக்க அதனால் இயலாது. பாக்கின்சன் நோயோடு தொடர்புடைய மரபுக் கூறுகள் பல இலைசோசோமோடு தொடர்புடையன. அவற்றுளொன்று, மிகுந்த புரோத்தன்களைக் கசியவிடும் வாயிலை ஆக்குவது என 2022இல் அறியப்பட்டது. அவ்வாயில் பழுதுறின் அறை அளவுக்கு மீறிப் புளிக்கின்றது. அப்போதும் செரிமானம் கெடுகின்றது. மிகுதியும் கேடு, குறைவும் கேடு என்பது தமிழ் மருத்துவ மரபு நெடுநாளாக அறிந்த உண்மையே. அல்சைமர் நோயில் அமிலக் குறைவின் பங்கு என்ன என்பது பற்றி அறிஞரிடையே விவாதம் இன்னும் தொடர்கின்றது.

இவ்வளவையும் தொகுத்து நோக்குமிடத்து, அமிலத்தை நல்லதென்றோ தீயதென்றோ கூறுதல் பொருந்தாது என்பது புலனாகும். அதன் நன்மையும் தீமையும் அது நிற்கும் இடத்தையும் அளவையும் பொறுத்தவை. அவ்விடத்தையும் அளவையும் காப்பது தடித்த மதிலன்று. சத்தியைச் செலவிட்டு இடையறாது இயங்கும் பம்பிகளும், ஈடுசெய்யும் வழிகளும், கசியவிடும் வாயில்களுமே. முற்றாக அடைத்துவிட்ட எல்லையும் நோயே, முற்றாகத் திறந்துவிட்ட எல்லையும் நோயே எனக் கலம் காட்டுகின்றது.

பொம்பே கண்ட நோய்க்கு 2006இல் மருந்து அங்கீகரிக்கப்பட்டது. இல்லாத நொதியத்தை ஆக்கிக் குருதியிற் செலுத்துவதே அச்சிகிச்சை. கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் நொதியத்திற் பொருந்திய ஒரு வெல்லக் குறியை இனங்கண்டு பற்றி உள்ளே கொண்டுசெல்கின்றன. அமிலம் மிகுந்த பையை அடைந்ததும் பிடி தளர்கின்றது, ஏற்பி திரும்புகின்றது, நொதியம் இலைசோசோமைச் சென்றடைகின்றது. மருந்தைத் தன் இடத்திற் சேர்ப்பதும் அந்தப் புளிப்பேயாகும். ஏழு மாதங்களே வாழ்ந்த அக்குழந்தைக்கும் இம்மருந்துக்கும் இடையே எழுபத்து நான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விடைவெளியில் ஒரு மருத்துவரின் கொலையும், பிழையென எறியப்படாத ஓர் அளவீடும், குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நாள் இருந்த ஓர் எலியின் ஈரற் குழம்பும் அடங்கியுள்ளன.